நுண்கட்டுப்படுத்தியில் யுஎஸ்பியை முதன்முறை இயக்குவோருக்கு: ஆவணம், செலவு, நேரம், கண்ணிகள்

ஒரு பக்கம் பார்கோடு ஸ்கேனரைச் செருகினால், அது படிக்கும் எண்களை மறுபக்கம் கணினிக்கு சீரியல் போர்ட் வழியாக அனுப்பும் சிறு பெட்டி ஒன்றை நான் செய்ய வேண்டியிருந்தது. ஸ்கேனருக்கு அந்தப் பெட்டி ஹோஸ்ட், அதாவது பேச்சைத் தொடங்கி நடத்தும் பக்கம். கணினிக்கு அதே பெட்டி ஒரு சாதனம், அதாவது கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பக்கம். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஏழு வாரம் பிடித்தது. கூடுதலாகப் போன ஐந்து வாரங்களில் பெரும்பகுதி, சிப்பின் ஆவணத்தை உரிய நேரத்தில் படிக்காததாலும், கம்பியில் என்ன மின்னழுத்தம் இருக்கிறது என்று அளக்காமலேயே நிரலைத் திருத்திக்கொண்டிருந்ததாலும் வீணாயிற்று. அதே இடங்களில் நீங்களும் நிற்க வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு எஸ்டிஎம்32எஃப்103 (இனி எஃப்103), எஸ்டிஎம்32எஃப்407 (இனி எஃப்407), ஆர்பி2040 ஆகிய மூன்று நுண்கட்டுப்படுத்திச் சிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். சி மொழியும் இன்டரப்ட் பற்றிய அடிப்படையும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஹோஸ்டா, சாதனமா, இரண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

யுஎஸ்பி கம்பியில் தரவுப் பரிமாற்றம் ஒவ்வொன்றையும் தொடங்கும் உரிமை ஹோஸ்டுக்கு மட்டுமே உண்டு. சாதனம் தானாக ஒரு பைட்டைக்கூட அனுப்ப முடியாது. ஹோஸ்ட் கேட்கும்போது தரவு இருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் என்ஏகே என்ற சிறு பாக்கெட்டை அனுப்பி, இப்போதைக்கு இல்லை என்று தெரிவிக்கலாம். 'இன்டரப்ட்' வகை எண்ட்பாயிண்ட் (எண்ட்பாயிண்ட் என்பது சாதனத்தில் தரவு போய்வரும் எண்ணிட்ட வாய்) என்ற பெயர் புதியவர்களைத் தவறாமல் குழப்புகிறது. சாதனம் ஹோஸ்டைத் தட்டி எழுப்புகிறது என்பது அதன் பொருளன்று. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை ஹோஸ்ட் மறக்காமல் வந்து கேட்கும் என்பது மட்டுமே பொருள்.

ஹோஸ்ட் கட்டுப்படுத்தியும் சாதனக் கட்டுப்படுத்தியும் வெவ்வேறு வன்பொருள் என்பது இதிலிருந்தே விளங்கும். எப்போது யாரிடம் கேட்பது என்ற கால அட்டவணையை ஹோஸ்ட் கட்டுப்படுத்தி நடத்துகிறது. கேட்டதும் சில மைக்ரோவிநாடிக்குள் பதில் வைப்பது சாதனக் கட்டுப்படுத்தியின் வேலை. எஃப்103-இல் சாதனக் கட்டுப்படுத்தி மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொண்டு கீபோர்டையோ பென் டிரைவையோ படிக்கவே முடியாது. ஆர்பி2040-இல் உள்ள ஒரே கட்டுப்படுத்தி ஹோஸ்டாகவோ சாதனமாகவோ இயங்கும், ஒரே நேரத்தில் இரண்டாகவும் இயங்காது. ஓடிஜி (இரு வேடமும் ஏற்கக்கூடியது) என்று எழுதியிருக்கும் போர்ட்டுகளுக்கும் இதே விதி: ஒரு போர்ட், ஒரு நேரத்தில், ஒரு வேடம். எஃப்407-இல் தனித்தனியாக இரண்டு கட்டுப்படுத்திகள் இருப்பதால் ஒன்றை ஸ்கேனர் பக்கமும் மற்றொன்றைக் கணினிப் பக்கமும் வைக்க முடிந்தது. நான் எஃப்103-இல் தொடங்கி மூன்றாம் வாரத்தில்தான் இதற்கு மாறினேன்.

2. இந்த ஐந்து ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

டேட்டாஷீட் (சிப்பின் பின்களும் மின் அளவுகளும்), ரெஃபரன்ஸ் மேனுவல் (ரெஜிஸ்டர்களின் விளக்கம்), எர்ரேட்டா (சிப்பின் அறியப்பட்ட குறைகளின் பட்டியல்), யுஎஸ்பி 2.0 விவரக்குறிப்பு, நீங்கள் செய்யப்போகும் வகுப்பின் (கீபோர்டு, சீரியல் போர்ட் போன்ற சாதன வகையின்) ஆவணம் ஆகிய ஐந்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எஃப்103-க்கு ரெஃபரன்ஸ் மேனுவல் எண் ஆர்எம்0008, எஃப்407-க்கு ஆர்எம்0090. 2000 ஏப்ரலில் வந்த யுஎஸ்பி 2.0 விவரக்குறிப்பு அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் என்றாலும், உங்களுக்கு வேண்டியது அதில் சிறு பகுதிதான். 9ஆம் அத்தியாயத்தை வரி விடாமல் படியுங்கள். 5ஆம், 8ஆம் அத்தியாயங்களை ஒருமுறை படியுங்கள். 7ஆம் அத்தியாயத்தில் மின்னழுத்தம், கால அளவு பற்றிய அட்டவணைகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

டேட்டாஷீட்டைப் படிக்கும்போது இரண்டு சொற்களில் ஏமாறாதீர்கள். 'யுஎஸ்பி 2.0' என்று அட்டையில் எழுதியிருந்தால் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட் என்று பொருளில்லை. ஃபுல்-ஸ்பீட் எனப்படும் 12 மெகாபிட்டும், லோ-ஸ்பீட் எனப்படும் 1.5 மெகாபிட்டும் அதே 2.0 விவரக்குறிப்பில் அடங்கியவையே. அடுத்தது, எஃப்407-இன் இரண்டாவது கட்டுப்படுத்திக்கு 'ஹெச்எஸ்' (ஹை-ஸ்பீட், அதாவது 480 மெகாபிட்) என்றே பெயர் இருந்தாலும், சிப்புக்குள் அதற்கு இருப்பது ஃபுல்-ஸ்பீட் மின்சுற்று மட்டும்தான். 480 மெகாபிட் வேண்டுமென்றால் யுஎல்பிஐ என்ற இணைப்பில் தனி சிப் ஒன்றை வெளியே வைக்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு பின்கள் போய்விடும். வெளிச் சிப் இல்லாமல் பிபி14, பிபி15 பின்களில் அதை ஃபுல்-ஸ்பீடாகவே பயன்படுத்தினால், உறக்க நிலையில் யுஎல்பிஐ கடிகாரம் ஓடுவதற்கான பிட்டை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செயலி உறங்கப் போகும்போதெல்லாம் யுஎஸ்பி நின்றுவிடும்.

எர்ரேட்டாவைப் பலர் திறப்பதே இல்லை. ஆர்பி2040-இன் தொடக்கப் பதிப்புகளில், மற்ற சாதனங்கள் மும்முரமாக இயங்கும் ஹப்பில் செருகினால் சிப் ரீசெட் நிலையிலிருந்து வெளிவராமல் போகும் குறை ஒன்று ஈ5 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. பி2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. இதை அறியாதவர் தம் நிரலில்தான் பிழை என்று நாள்கணக்கில் தேடுவார்.

3. செலவை இப்போதே கணக்கிடுங்கள்

பழகுவதற்கான பலகைக்குப் பெரிய செலவில்லை. ஆர்பி2040 உள்ள ராஸ்பெர்ரி பை பிக்கோ 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. எஃப்103 உள்ள நீலப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நிரலை நிறுத்திப் பார்க்க ஒரு டீபக் புரோப் அவசியம். இவற்றுடன் தரவுக் கம்பிகள் உண்மையாகவே உள்ள கேபிள் இரண்டு வாங்கி, வாங்கிய அன்றே மல்டிமீட்டரில் நான்கு கம்பிகளின் தொடர்ச்சியையும் சோதித்துப் பெயர் ஒட்டி வையுங்கள். ரிச்சி தெருவில் ஆனாலும் இணையத்தில் ஆனாலும், மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படுபவை நிறைய. அவற்றில் தரவுக் கம்பி இருக்காது, பலகையில் விளக்கு எரியும், கணினி மட்டும் ஒன்றும் சொல்லாது.

கம்பியில் ஓடும் பிட்டுகளைப் பதிவு செய்யும் லாஜிக் அனலைசர் வாங்குவதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். சந்தையில் பரவலாக விற்கும் எட்டு வழி மலிவுக் கருவி விநாடிக்கு 2 கோடியே 40 லட்சம் முறை மாதிரி எடுக்கிறது. 12 மெகாபிட் ஓட்டத்தில் அது ஒரு பிட்டுக்கு இரண்டு மாதிரிதான். நம்பிப் படிக்க அது போதாது. 1.5 மெகாபிட் லோ-ஸ்பீட் கீபோர்டுக்கு ஒரு பிட்டுக்குப் பதினாறு மாதிரி கிடைக்கும், அங்கே அதே கருவி நன்றாகவே உதவும். செலவில்லாத வழி, லினக்ஸில் யுஎஸ்பிமான் என்ற பதிவு வசதியை இயக்கி, வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் நிரலில் பார்ப்பது. அது இயக்கமுறைமை கேட்டதையும் பெற்றதையும் காட்டும். கம்பியில் ஓடிய என்ஏகே பாக்கெட்டுகளைக் காட்டாது.

சாதனத்துக்கான அடையாள எண்ணுக்கு ஆகும் செலவுதான் பெரியது. அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன். விற்பனைக்கான பொருள் என்றால் அதை இப்போதே படித்துவிட்டு வாருங்கள்.

4. நிரலைத் தொடும் முன் கடிகாரத்தையும் கம்பியையும் சரிபாருங்கள்

ஃபுல்-ஸ்பீடுக்குக் கடிகாரத் துல்லியம் கூட்டிக் கழித்து 0.25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எஃப்103-இன் உள் ஆசிலேட்டர் 1 விழுக்காடு அளவிலானது, ஆகவே வெளிக் கிரிஸ்டல் கட்டாயம். பிஎல்எல் (கடிகார வேகத்தைப் பெருக்கும் சுற்று) வெளியீடு 72 அல்லது 48 மெகாஹெர்ட்ஸாக இருந்தால்தான் அதை 1.5ஆலோ 1ஆலோ வகுத்து, யுஎஸ்பிக்கு வேண்டிய சரியான 48 மெகாஹெர்ட்ஸைப் பெற முடியும். கிரிஸ்டல் இல்லாமல் செய்ய விரும்புவோர் எஃப்072 போன்ற சிப்புகளைப் பார்க்கலாம். ஹோஸ்ட் ஒவ்வொரு மில்லிவிநாடியும் அனுப்பும் ஃபிரேம் தொடக்கப் பாக்கெட்டை அளவுகோலாகக் கொண்டு அவை தம் உள் ஆசிலேட்டரைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

அடுத்தது புல்-அப் ரெசிஸ்டர். தரவுக் கம்பிகள் டி+, டி− என்று இரண்டு. சாதனம் டி+ கம்பியை 1.5 கிலோஓம் வழியாக 3.3 வோல்டுக்கு இழுத்தால் அது ஃபுல்-ஸ்பீட், டி− கம்பியை இழுத்தால் லோ-ஸ்பீட். ஹோஸ்ட் பக்கத்தில் இரு கம்பிகளிலும் 15 கிலோஓம் தரையை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். எஃப்407-இலும் ஆர்பி2040-இலும் இந்தப் புல்-அப் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. எஃப்103-இல் வெளியே வைக்க வேண்டும், அங்கேதான் நான் ஒரு வாரத்தை இழந்தேன்.

என் நீலப் பலகை அலுவலகக் கணினியில் வேலை செய்தது, வீட்டு மடிக்கணினியில் அடையாளம் தெரியாத சாதனம் என்று வந்தது. டிஸ்கிரிப்டரை (சாதனம் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் விவரத் தொகுப்பை) எத்தனை முறை மாற்றி எழுதினேன் என்று கணக்கில்லை. கடைசியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஆர்10 என்று அச்சிட்ட இடத்தைப் பார்த்தபோது, அந்தச் சிறு ரெசிஸ்டரின் முதுகில் 103 என்று இருந்தது, அதாவது 10 கிலோஓம். இருந்திருக்க வேண்டியது 152, அதாவது 1.5 கிலோஓம். கணக்கைப் பாருங்கள்: 1.5 கிலோஓம் இருந்தால் டி+ கம்பியில் 3.3ஐப் பதினாறரையால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கி 3.0 வோல்ட் நிற்கும். 10 கிலோஓம் இருந்தால் 1.98 வோல்ட் மட்டுமே நிற்கும். 'உயர்நிலை' என்று ஏற்க விவரக்குறிப்பு கேட்கும் குறைந்தபட்சம் 2.0 வோல்ட். எல்லைக் கோட்டில் நிற்கும் இந்த 1.98ஐ ஒரு கணினி ஏற்கிறது, மற்றொன்று மறுக்கிறது. இத்தகைய பலகை ஏராளமாகப் புழங்குவதால், உங்களிடம் இருப்பதை டி+ பின்னுக்கும் 3.3 வோல்ட் பின்னுக்கும் இடையே அளந்து பார்த்துவிட்டே தொடங்குங்கள். 10 கிலோஓம் இருந்தால் அவ்விரு பின்களுக்கும் இடையே 1.8 கிலோஓம் ஒன்றை இணையாகப் பற்றவைத்தால் மொத்தம் 1.5-ஐ ஒட்டி வந்துவிடும்.

நிலையான புல்-அப் உள்ள பலகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிரலை மாற்றி ஏற்றிச் சிப்பை ரீசெட் செய்தாலும், புல்-அப் கம்பியை விடாததால் சாதனம் விலகி மீண்டும் வந்தது கணினிக்குத் தெரியாது. நிரலின் தொடக்கத்தில் பிஏ12 பின்னைச் சாதாரண வெளியீடாக்கி, பத்திருபது மில்லிவிநாடி தரையில் பிடித்துவிட்டு, பிறகு யுஎஸ்பியை இயக்குங்கள். எஃப்407-இல் கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது: பிஏ9 பின்னில் 5 வோல்ட் வந்ததை உணர்ந்த பிறகே அது புல்-அப்பை இணைக்கும். உங்கள் பலகையில் அந்தப் பின்னுக்கு 5 வோல்ட் வரவில்லையென்றால், அந்த உணர்வைத் தவிர்க்கும் பிட்டை நீங்களே எழுத வேண்டும்.

டைப்-சி இணைப்பி வைப்பவர்கள் சிசி1, சிசி2 என்ற பின்கள் இரண்டுக்கும் தனித்தனியே 5.1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தரைக்கு வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றை வைத்ததால் 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பு சிலவகை டைப்-சி கேபிள்களில் மின்சாரம் பெறாமல் போயிற்று. பின்னர் பலகையைத் திருத்தினார்கள். ரெசிஸ்டரே வைக்காவிட்டால், ஒரு முனை டைப்-ஏ ஆன கேபிளில் இயங்கும் பலகை, இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் உயிரற்றுக் கிடக்கும்.

5. கட்டுப்படுத்தி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பிட்டுகளைக் கம்பியில் ஏற்றுவது, தொடர்ந்து ஆறு 1 வந்தால் ஒரு 0-ஐச் செருகுவது, சிஆர்சி (பிழை காணும் எண்) சரிபார்ப்பது, ஏசிகே (பெற்றுக்கொண்டேன்), என்ஏகே, ஸ்டால் (இதைச் செய்ய முடியாது) ஆகிய பதில்களை உரிய நேரத்தில் அனுப்புவது, டேட்டா0, டேட்டா1 என்று மாறி மாறி வரும் அடையாளத்தைக் கவனிப்பது ஆகியவை வன்பொருளின் வேலை. வந்த கோரிக்கையின் பொருளை உணர்வதும், பதிலைப் பஃபரில் வைப்பதும், அடுத்ததற்குத் தயார் என்று சொல்வதும் உங்கள் நிரலின் வேலை. நீங்கள் தயார் என்று சொல்லும்வரை வன்பொருள் என்ஏகே அனுப்பி ஹோஸ்டைக் காக்க வைத்துக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாடு புரிந்துவிட்டால் எந்தச் சிப்பின் மேனுவலையும் படித்துவிடலாம். சிப்புக்குச் சிப்பு மாறுவது பஃபர் எங்கே இருக்கிறது, 'தயார்' என்பதை எந்த ரெஜிஸ்டரில் எழுதுவது என்ற இரண்டும்தான்.

எஃப்103-இல் பஃபர் 512 பைட் கொண்ட தனி நினைவகம். இதே நினைவகத்தைக் கேன் என்ற வேறொரு தொடர்பு முறையின் கட்டுப்படுத்தியும் பயன்படுத்துவதால் அந்தச் சிப்பில் யுஎஸ்பியும் கேனும் ஒரே நேரத்தில் ஓடா. மேலும், செயலியின் கண்ணுக்கு அந்த நினைவகத்தின் ஒவ்வொரு 16-பிட் சொல்லும் நான்கு பைட் இடைவெளியில் தெரியும். சாதாரண மெம்காப்பி கொண்டு நகலெடுத்தால் பாதித் தரவு காணாமல் போகும். ஆர்பி2040-இல் 4 கிலோபைட் இரட்டை வழி நினைவகம் இருக்கிறது, அதை இயல்பாகவே படிக்கலாம். எஃப்407-இன் முதல் கட்டுப்படுத்தியில் இருப்பது 1.25 கிலோபைட் ஃபைஃபோ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் பஃபர்). பெறுவதற்கு எவ்வளவு, ஒவ்வொரு எண்ட்பாயிண்டிலும் அனுப்புவதற்கு எவ்வளவு என்று தொடக்கத்திலேயே நீங்கள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

எஃப்103-இன் எண்ட்பாயிண்ட் ரெஜிஸ்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற ரெஜிஸ்டர்களைப் போல் படித்து, ஒரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதினால் இங்கே குழப்பம் விளையும். இதன் நிலைப் பிட்டுகளில் 1 எழுதினால் பிட் தலைகீழாக மாறும், 0 எழுதினால் அப்படியே இருக்கும். நிலைகள் நான்கு: 00 என்றால் முடக்கம், 01 ஸ்டால், 10 என்ஏகே, 11 தயார். பெறும் பக்கத்தைத் தயார் ஆக்க நினைத்து ரெஜிஸ்டரைப் படிக்கிறீர்கள், அனுப்பும் பக்கம் அப்போது 10 என்ற நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படித்ததை அப்படியே திரும்ப எழுதினால், அனுப்பும் பக்கத்தின் மேல்பிட் தலைகீழாகி 00 ஆகிவிடும். நீங்கள் தொடாத பக்கம் முடங்கிவிட்டது. எனவே தொடக்கூடாத தலைகீழ் பிட்டுகள் எல்லாவற்றையும் 0 ஆக மறைத்துவிட்டு, மாற்ற வேண்டியவற்றுக்கு மட்டும் இப்போதைய மதிப்பையும் வேண்டிய மதிப்பையும் எக்ஸார் செய்து எழுத வேண்டும். அதே ரெஜிஸ்டரில் உள்ள பரிமாற்றம் முடிந்ததற்கான பிட்டுகள் 0 எழுதினால் அழியும் தன்மையுள்ளவை. அவற்றுக்கு 1 எழுதிக் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் இடையில் வந்த ஒரு பாக்கெட்டை உங்கள் நிரல் பார்க்காமலே விட்டுவிடும்.

முதல் சோதனையாக, டிஸ்கிரிப்டர் எதையும் எழுதுவதற்கு முன், ஃபிரேம் எண் ரெஜிஸ்டரை மட்டும் படித்துப் பாருங்கள். கேபிளைச் செருகிக் கணினி ரீசெட் கொடுத்த பின் அந்த எண் மில்லிவிநாடிக்கு ஒன்றாக ஏறி, 2047-க்குப் பின் 0-க்கு வந்தால், கடிகாரமும் கம்பியும் புல்-அப்பும் சரியாக இருக்கின்றன. ஏறவில்லையென்றால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

6. எனுமரேஷனின் காலக்கெடுகளை மீறாதீர்கள்

சாதனத்தைச் செருகியதும் ஹோஸ்ட் அதனிடம் நீ யார் என்று விசாரித்து முகவரி கொடுக்கும் கட்டம் எனுமரேஷன். ஹோஸ்ட் முதலில் இணைப்பு நிலைப்பட 100 மில்லிவிநாடி காத்திருக்கும். பிறகு குறைந்தது 10 மில்லிவிநாடி ரீசெட் கொடுக்கும். ரீசெட் முடிந்து 10 மில்லிவிநாடிக்குள் நீங்கள் கோரிக்கைகளை ஏற்கத் தயாராகியிருக்க வேண்டும். முகவரி கொடுக்கும் கோரிக்கையை 50 மில்லிவிநாடிக்குள் முடித்து, அடுத்த 2 மில்லிவிநாடிக்குள் புதிய முகவரியில் பதில் சொல்ல வேண்டும். தரவு கேட்கும் வழக்கமான கோரிக்கைகளுக்கு ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டுக்கும் 500 மில்லிவிநாடி, முழுக் கோரிக்கைக்கும் 5 விநாடி என்பது உச்ச வரம்பு.

இந்த எண்களால் இரண்டு நடைமுறை விளைவுகள் உண்டு. எனுமரேஷன் நடுவே பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி நிதானமாகப் பார்க்க முடியாது, அதற்குள் ஹோஸ்ட் கைவிட்டுவிடும். இன்டரப்ட்டுக்குள் சீரியல் போர்ட்டில் செய்தி அச்சிடவும் கூடாது. 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமாகிறது, 48 எழுத்துள்ள ஒரு வரி 50 மில்லிவிநாடியைத் தின்றுவிடும். நான் பிழை தேடுவதற்காகச் சேர்த்த அந்த வரியே பிழைக்குக் காரணமாக இரண்டு நாள் இருந்தது. நினைவகத்தில் ஒரு சுழல் பஃபர் வைத்து, நிகழ்வின் பெயரையும் நேரத்தையும் இரண்டு எண்களாக அதில் போட்டுவிட்டு, எல்லாம் நின்ற பிறகு எடுத்துப் படியுங்கள்.

முகவரியை எப்போது ரெஜிஸ்டரில் எழுதுவது என்பது சிப்பைப் பொறுத்தது. கோரிக்கை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் உறுதிப்பாட்டுக் கட்டம் பழைய முகவரியான 0-இலேயே நடக்க வேண்டும் என்பதால், எஃப்103-இலும் ஆர்பி2040-இலும் அந்தக் கட்டம் முடிந்த பின்னரே புதிய முகவரியை எழுத வேண்டும். எஃப்407-இல் உள்ள கட்டுப்படுத்தியோ கோரிக்கை வந்தவுடனேயே எழுதிவிடுமாறு எதிர்பார்க்கிறது. சரியான தருணத்தில் மாறுவதை அது பார்த்துக்கொள்ளும். ஒரு சிப்பில் ஓடிய நிரலை இன்னொன்றுக்கு மாற்றுபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

லினக்ஸ் தரும் பிழை எண்களைப் பழகிக்கொள்ளுங்கள். கர்னல் செய்திகளில் டிஸ்கிரிப்டர் படிக்கையில் −71 என்று வந்தால் கம்பியில் நெறிமுறைப் பிழை. கடிகாரம், கேபிள், புல்-அப் ஆகியவற்றைப் பாருங்கள். −110 என்றால் காலக்கெடு தீர்ந்தது; கம்பி பெரும்பாலும் சரி, உங்கள் நிரல் தயார் என்று சொல்லவில்லை. −32 என்றால் நீங்கள் ஸ்டால் அனுப்பியிருக்கிறீர்கள். விண்டோஸில் இவை யாவும் சாதன மேலாளரில் 43 என்ற ஒரே எண்ணாகத் தெரியும் என்பதால், வளர்ச்சி வேலையை லினக்ஸில் செய்து, முடிந்ததும் விண்டோஸில் சோதிப்பதே நல்லது.

7. டிஸ்கிரிப்டரை எழுதும்போது

சாதன டிஸ்கிரிப்டர் 18 பைட், கான்ஃபிகரேஷன் 9, இன்டர்ஃபேஸ் 9, எண்ட்பாயிண்ட் 7. கணினி எத்தனை பைட் கேட்டதோ, உங்களிடம் எத்தனை இருக்கிறதோ, இரண்டில் சிறியதை மட்டும் அனுப்ப வேண்டும். கணினி முதலில் கான்ஃபிகரேஷனின் 9 பைட்டை மட்டும் கேட்டு, அதிலுள்ள மொத்த நீளத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் முழுவதையும் கேட்பது வழக்கம். அந்த மொத்த நீளத்தைக் கையால் எண்ணி எழுதாதீர்கள், சைஸ்ஆஃப் கொண்டு கணக்கிடச் செய்யுங்கள். மின்னோட்டத்துக்கான பைட்டின் அலகு 2 மில்லிஆம்பியர், ஆகவே 100 மில்லிஆம்பியருக்கு 50 என்று எழுத வேண்டும். விண்டோஸ் முதல் முறை 64 பைட் கேட்டு, பதில் முழுதும் வருவதற்குள் மறுபடி ரீசெட் கொடுப்பதும் உண்டு. எந்தக் கட்டத்தில் ரீசெட்டோ, புதிய கோரிக்கையைக் கொண்டுவரும் செட்அப் பாக்கெட்டோ வந்தாலும், பழைய வேலையைக் கைவிட்டு அதை ஏற்கும்படி எழுதுங்கள்.

பெயர்ச் சரங்கள் யுடிஎஃப்-16 வடிவில் இருப்பதால் தமிழிலும் பெயர் வைக்கலாம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள், பத்துப் பைட், தலைப்போடு பன்னிரண்டு. என் பெட்டிக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன், லினக்ஸ் முனையத்தில் அது அழகாகவே தெரிந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் வேறுபட்ட தொடர் எண் சரத்தையும் கட்டாயம் கொடுங்கள். அது இல்லையென்றால் வேறு துளையில் செருகும்போதெல்லாம் விண்டோஸ் புதிய காம் போர்ட் எண்ணைக் கொடுக்கும், உங்கள் பயனர் தொலைபேசியில் அழைப்பார்.

சீரியல் போர்ட்டாகத் தெரியும் சிடிசி வகுப்புக்கு விண்டோஸ் 10 முதல் தனி டிரைவர் வேண்டியதில்லை. அனுப்பும் செய்தி சரியாக 64 பைட்டின் மடங்காக இருந்தால், முடிந்தது என்று காட்ட தரவில்லாத வெறும் பாக்கெட் ஒன்றைக் கடைசியில் அனுப்ப வேண்டும். இதை மறந்தால் செய்தி கணினியின் பஃபரிலேயே தங்கிவிடும், அடுத்த செய்தி வரும்போதுதான் வெளிவரும். வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு மில்லிவிநாடி ஃபிரேமில் 64 பைட் பல்க் (மொத்தத் தரவு) பாக்கெட்டுகள் அதிகபட்சம் 19 தான் அடங்கும். விநாடிக்கு 12,16,000 பைட் என்பதே கோட்பாட்டு எல்லை, அதற்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

8. ஹோஸ்ட் பக்கம்

ஹோஸ்டாக இருக்கும்போது மேலே சொன்ன காத்திருப்புகள் எல்லாம் உங்கள் கடமையாகிவிடுகின்றன: 100 மில்லிவிநாடி பொறுத்தல், ரீசெட், சாதன டிஸ்கிரிப்டரின் முதல் 8 பைட்டைப் படித்து எண்ட்பாயிண்ட் 0-இன் பாக்கெட் அளவை அறிதல், முகவரி கொடுத்தல், 2 மில்லிவிநாடி பொறுத்தல், பிறகு முழுதும் படித்தல். பல கீபோர்டுகள் லோ-ஸ்பீட் என்பதால் அதையும் சோதியுங்கள். எஃப்407-இல் லோ-ஸ்பீட் சாதனம் வந்தால், கடிகாரத் தேர்வை 6 மெகாஹெர்ட்ஸுக்கும் ஃபிரேம் இடைவெளி ரெஜிஸ்டரை 48,000-இலிருந்து 6,000-க்கும் மாற்றி மறுபடி ரீசெட் கொடுக்க வேண்டும்.

அந்தச் சிப்பின் முதல் கட்டுப்படுத்தியில் ஹோஸ்ட் சேனல்கள் எட்டு. பேசும் ஒவ்வொரு எண்ட்பாயிண்டுக்கும் ஒரு சேனல் என்று பிடித்து வைத்தால், ஒரு ஹப்பும் மூன்று சாதனங்களும் வந்தவுடன் தீர்ந்துவிடும். என்ஏகே வந்ததும் சேனலை உடனே மீண்டும் இயக்கினால், செயலியின் நேரம் முழுதும் இன்டரப்ட்டிலேயே போய்விடும். டிஸ்கிரிப்டரில் உள்ள இடைவெளியைக் கணக்கில் கொண்டு, ஃபிரேம் எண்ணைப் பார்த்து மட்டும் கேளுங்கள்.

என் ஸ்கேனர் கீபோர்டாகத் தன்னைக் காட்டிக்கொள்வது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 8 பைட் வரும்: முதல் பைட் ஷிஃப்ட் போன்றவை, இரண்டாவது வெறுமை, மீதி ஆறும் விசை எண்கள். அவை ஆஸ்கி எண்கள் அல்ல. 1 என்ற இலக்கத்துக்கு 30, 0-க்கு 39, என்டருக்கு 40. இடையில் விசை விடப்பட்டதற்கான எல்லாம் 0 ஆன அறிக்கையும் வரும்; அதைக் கவனிக்காவிட்டால் 11 என்ற எண்ணின் இரண்டாவது 1 தொலைந்துபோகும்.

மின்சாரத்தைக் கடைசியாக நினைத்தது என் பிழை. ஸ்கேனரின் விளக்கு எரியும் நொடியில் 5 வோல்ட் சரிந்து, இணைப்பு அறுந்து, மீண்டும் எனுமரேஷன் தொடங்கிக்கொண்டிருந்தது. ஹோஸ்ட் போர்ட்டின் 5 வோல்ட் வழியில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வேண்டும் என்று விவரக்குறிப்பு சொல்கிறது. என் பலகையில் இருந்தது 10. மின்தேக்கியை மாற்றி, மின்னோட்ட வரம்புள்ள பவர் ஸ்விட்ச் சிப் ஒன்றை வைத்த அன்றே அந்தக் கோளாறு போயிற்று. உங்கள் பெட்டி கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்குமானால், ஸ்கேனருக்கு வேண்டியதையும் சேர்த்து 500 மில்லிஆம்பியருக்குள் அடங்குகிறதா என்று கூட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் தனி அடாப்டர்தான் வழி.

லினக்ஸ் ஓடும் பெரிய செயலிகளில் ஹோஸ்ட் கட்டுப்படுத்திக்கான ஓஹெச்சிஐ, ஈஹெச்சிஐ, எக்ஸ்ஹெச்சிஐ ஆகிய பொது இடைமுகங்கள் இருப்பதால் டிரைவர் தயாராகவே கிடைக்கும். கட்டுப்படுத்தி நினைவகத்தில் உள்ள வேலைப் பட்டியலைத் தானே படித்து நடத்திக்கொள்ளும். அங்கே நீங்கள் செய்ய வேண்டியது டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பில் போர்ட்டின் வேடத்தைச் சரியாக எழுதுவதும், 5 வோல்ட் ஸ்விட்சின் பின்னைக் குறிப்பிடுவதும் மட்டுமே. போர்ட் செத்துக் கிடக்கிறது என்று வரும் புகார்களில், முதலில் அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

9. அடையாள எண்ணுக்கு விண்ணப்பியுங்கள்

ஒவ்வொரு சாதனத்திலும் விற்பனையாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்க வேண்டும். விற்பனையாளர் எண்ணை வழங்கும் அமைப்பு யுஎஸ்பி-ஐஎஃப். உறுப்பினராகாமல் எண்ணை மட்டும் வாங்க ஒருமுறைக் கட்டணம் 6,000 டாலர். உறுப்பினரானால் ஆண்டுக்கு 5,000 டாலர், எண் அதில் அடங்கும். கட்டணம் மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். எடுத்துக்காட்டு நிரலில் இருந்த சிப் நிறுவனத்தின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு விற்பனைக்கு அனுப்பாதீர்கள். அதே எண்ணுள்ள வேறொருவரின் பலகை அதே கணினியில் செருகப்பட்டால், தவறான டிரைவர் ஏறும்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சில சிப் நிறுவனங்கள், தம் சிப்பைப் பயன்படுத்துவோருக்குத் தம் விற்பனையாளர் எண்ணின் கீழ் பொருள் எண் ஒன்றை இலவசமாகத் தருகின்றன. ராஸ்பெர்ரி பை நிறுவனம் ஆர்பி2040 பயனர்களுக்கு இப்படித் தருகிறது. உங்கள் வன்பொருளோ நிரலோ திறமூல உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தால், பிஐடி.கோட்ஸ் என்ற தன்னார்வ முயற்சி பதினாறடிமானத்தில் 1209 என்ற எண்ணின் கீழ் கட்டணமின்றிப் பொருள் எண் கொடுக்கிறது. கிட்ஹப்பில் உங்கள் திட்டத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர், வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி அனுப்ப வேண்டும். உரிமக் கோப்பு திட்டத்துக்குள் இல்லாத விண்ணப்பங்கள் அங்கே தேங்கிவிடுகின்றன, அதை முதலில் சேர்த்துவிடுங்கள். எந்த வழியானாலும், பலகை அச்சுக்குப் போகும் அன்றே விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டால், பலகை கைக்கு வந்து எனுமரேஷன் சோதிக்கும் வேளையில் உங்கள் சொந்த எண்ணை டிஸ்கிரிப்டரில் எழுதலாம்.